பொன்னுருக்குக்கு முன் எடுக்காத ஸ்டிக்கர்

என் தம்பி ஜெர்மனியில் இருக்கிறான். தங்கச்சி பிரான்சில் இருக்கிறாள். நான் ஆக்லாந்தில், கிளென் ஈடனில், மகளோடு இருக்கிறேன். தம்பி வீட்டிலிருந்து தங்கச்சி வீட்டுக்கு வாகனத்தில் ஆறு மணித்தியாலம். நடுவில் இரண்டு நாட்டு எல்லை கிடக்கிறது. ஆனால் பெரும்பாலும் அங்கே மறிப்பாரும் இல்லை, பாஸ்போர்ட் கேட்பாரும் இல்லை. ஒரு பலகையைக் கடந்தால் அடுத்த நாடு, அவ்வளவுதான் என்று தம்பி சொல்லியிருக்கிறான்.

எல்லையில் மறிக்காதவர்கள் நகரத்தின் வாசலில் மறிப்பார்கள் என்பதை தங்கச்சி மகளின் கலியாணத்தின்போதுதான் அறிந்தேன். மனிதரைப் பார்த்து அல்ல, வாகனத்தின் புகையைப் பார்த்து. எந்த வண்டி எவ்வளவு புகை கக்கும் என்று காட்ட, ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு ஸ்டிக்கரை முன் கண்ணாடியில் ஒட்டச் சொல்கிறது. ஜெர்மனியில் அது பச்சை வட்டம். அதிலே வண்டியின் இலக்கமும் எழுதியிருக்கும். பிரான்சிலும் வட்டம்தான், ஆனால் நிறம் பலது, நிறத்துக்கு ஒரு எண். அவனுடையதை இவன் ஏற்கமாட்டான், இவனுடையதை அவன் ஏற்கமாட்டான். தம்பியின் டீசல் வானில் ஜெர்மனிப் பச்சை பல வருடமாக ஒட்டியிருக்கிறது. பிரான்சில் தங்கச்சி இருக்கிற நகரத்துக்குள் போனால் அது ஒன்றும் ஒட்டாத வண்டிக்குச் சமன். பிடித்தால் தண்டம்.

நான் நாலாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன், ஒரு பக்கம் எழுத ஒரு காலைப்பொழுது போய்விடும். இந்த ஸ்டிக்கர் விசயத்தை எனக்கு ஒருவரும் படிப்பிக்கவில்லை. பிழை விட்டுத்தான் படித்தேன். குடும்பத்தில் அந்தக் கதை இப்போது பல விதமாக ஓடுகிறது. நடந்தது எனக்குத்தான் சரியாகத் தெரியும் என்பதால் எழுதுகிறேன்.

தம்பிக்குப் பிள்ளைகள் இல்லை. தங்கச்சியின் மகள்தான் அவனுக்கு எல்லாம். அவன் வேலை செய்வது ஒரு கதவு ஜன்னல் தொழிற்சாலையில். மருமகளுக்குக் கலியாணம் சரிவந்தால் மணவறையைத் தன் கையால்தான் செய்து வைப்பேன் என்று அவள் பள்ளிக்கூடம் போகிற காலத்திலேயே சொன்னவன். சொன்னபடி இரண்டு குளிர்காலம் கராஜுக்குள் நின்று செய்தான். நாலு தூண், மூன்று படி, பின்பலகையில் இரண்டு மயில், மேலே தாமரை விரிந்த மாதிரி ஒரு கூரை. எல்லாம் கழற்றிப் பூட்டலாம். ஒவ்வொன்று முடியும்போதும் போனில் காட்டுவான். மயிலின் கழுத்து கட்டை என்று நான்தான் சொன்னேன். பேசாமல் கழற்றித் திரும்பச் செய்தான்.

எனக்குக் கலியாணத்துக்குப் போக ஏலவில்லை. காலில் இரத்தம் கட்டிய பிறகு நீண்ட விமானப் பயணம் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் என்ன? எங்கள் தாய் தகப்பன் இல்லாத குடும்பத்தில் மூத்தவள் நான். எது எப்போது செய்வது என்று என்னைக் கேட்டுத்தான் செய்வார்கள். எங்களுக்குப் பின்னேரம் ஆனால் அவர்களுக்கு அன்றைய காலை. தேநீரோடு நான் கதிரையில் இருந்தால் அவர்கள் இருவரும் வேலைக்குப் போகமுதல் போன் எடுப்பார்கள்.

இந்தப் பிள்ளைக்கு இரண்டு வருடத்துக்கு முதல் ஒரு சம்பந்தம் பேசி முற்றாகியது. தங்கச்சி அவசரப்பட்டுக் கூறைச்சேலை எடுத்தாள், பாத்திரம் எடுத்தாள், மாப்பிள்ளைக்கு வேட்டி சால்வை எடுத்தாள். பொன்னுருக்கு நடக்கமுதலே அந்தச் சம்பந்தம் உடைந்துபோனது. தாலிக்குப் பொன் உருக்கிய பிறகுதான் கலியாண வேலை தொடங்குவது எங்கள் வழக்கம். அதை மீறியதால்தான் உடைந்தது என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் அந்தக் கூறை இப்போதும் தங்கச்சியின் அலுமாரியில் கிடக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் பிள்ளை முகத்தைத் திருப்புவாள். ஆகவே இந்த முறை நான் கண்டிப்பாகச் சொன்னேன்: பொன்னுருக்குக்கு முதல் கலியாணத்துக்கென்று ஒரு துரும்பும் எடுக்கக்கூடாது.

"மண்டபம் எப்பவோ சொல்லி வச்சாச்சு அக்கா, அதுக்கு என்ன செய்யிறது?" என்றாள் தங்கச்சி.

"மண்டபம் வேற. அது கல்லுக்கட்டடம். கலியாணம் நடந்தாலும் நடக்காட்டிலும் அங்கைதான் நிக்கும்."

"மணவறை?"

"அது அவன் தன்ர ஆசைக்குச் செய்யிறது."

தங்கச்சி சிரித்தாள். "உங்கட சட்டம் உங்களுக்குத்தான் அக்கா விளங்கும்."

கலியாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது தம்பி போன் எடுத்தான். பிரான்சின் ஸ்டிக்கரைப் பற்றி அவன் என்னிடம் சொன்னது அன்றுதான். கொம்பியூட்டரில் விண்ணப்பித்தால் தபாலில் வருமாம்.

"இண்டைக்கே போட்டுவிடட்டே அக்கா? வெளிநாட்டு வண்டியெண்டால் வந்து சேரக் கன நாள் எடுக்குமாம்."

"என்னத்துக்கு உது?"

"மணவறை கொண்டுபோகத்தான்."

"அப்ப கலியாணத்துக்கு."

"ஓம், கலியாணத்துக்குத்தான்."

"பொன்னுருக்கு முடியட்டும்" என்றேன்.

அவன் "சரி அக்கா" என்றான். தம்பி அப்படித்தான். ஐம்பத்தெட்டு வயது, தலை முழுக்க நரை, நான் சொன்னால் சொன்னதுதான். அது எனக்குப் பெருமையாக இருந்தது.

கலியாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்க, மாப்பிள்ளை வீட்டில் பொன் உருக்கினார்கள். போனில் பார்த்தேன். நல்ல மஞ்சள் நிறமாக உருகியது. அன்றைக்கே தம்பி ஸ்டிக்கருக்கு விண்ணப்பம் போட்டான். மூன்றாம் நாள் வரவில்லை, நாலாம் நாளும் வரவில்லை. கேட்டால் "வரும் அக்கா, வரும்" என்றான். குரலில் உறுதி இல்லை.

அந்தச் சனிக்கிழமை மகளோடு ஆக்லாந்தின் மற்றப் பக்கத்தில் இருக்கிற ஒடாஹுஹுவுக்குப் போனேன். மகளுக்கு அங்கே ஒரு மருந்துக்கடையில் வேலை. அவளுடைய காருக்கு வாரண்ட் முடிகிற மாதம். வாரண்ட் என்றால் இங்கே வாகனம் ஓடத் தகுதியானது என்று பார்த்துக் கண்ணாடியில் ஒட்டிக் கொடுக்கிற சீட்டு. கடைக்குப் பின்னால் உள்ள கராஜில் அதைப் பார்க்கிறவர் ஒரு மலேசியத் தமிழர். எப்போது போனாலும் எனக்கு ஒரு கதிரை இழுத்துப் போடுவார். அன்றைக்கு லைட்டைப் பார்த்தார், டயரைத் தடவினார், எஞ்சினை முறுக்கிப் பின்னால் போய் நின்று புகையைப் பார்த்தார்.

எனக்கு மனதில் அதுதானே ஓடிக்கொண்டிருந்தது. "தம்பி, இந்தப் புகைக்கெண்டு தனி ஸ்டிக்கர் ஒண்டும் இங்க இல்லையோ?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் இல்லம்மா. இங்க சுத்தி கடல். எந்தப் பக்கத்து நாட்டுக்காரன் காரை ஓட்டிட்டு வரப்போறான்?" என்று சிரித்தார். "நான் ஜொகூர்ல இருந்தப்ப தினம் சிங்கப்பூருக்குத்தான் வேலைக்குப் போவேன். அங்கதான் இந்தத் தொல்லை எல்லாம். அவங்க நாட்டு பெர்மிட், அவங்க நாட்டு அட்டை. நம்ம ஊர்ச் சீட்டைக் காட்டினா எவனும் போகச் சொல்லமாட்டான்."

"அதை எப்ப எடுத்து வச்சனீங்கள்?"

"வண்டி வாங்கின வாரமே எடுத்தாச்சு. என்னைக்குப் போவோம்னு யாருக்குத் தெரியும்?"

நான் தம்பியின் கதையைச் சொன்னேன். பொன்னுருக்கு முடியும்வரை மறித்த கதையையும் சேர்த்துச் சொன்னேன். அவர் நல்ல காரியம் என்று சொல்வார் என்றுதான் நினைத்தேன். கையைத் துணியில் துடைத்தபடி அவர் கேட்டார்: "ஏம்மா, ஸ்டிக்கர் வண்டிக்குத்தானே? கல்யாணத்துக்கா?"

நான் கைப்பையை எடுத்துக்கொண்டு எழும்பினேன். மகள் என்னைப் பார்த்தாள்.

"அம்மா, நீங்களோ மறிச்சனீங்கள்?"

"காசைக் குடுத்திட்டு வா, போவம்" என்றேன்.

வழியெல்லாம் யோசித்தேன். அந்த மனிதர் கேட்டது சரி. கலியாணம் நின்றாலும் தம்பி அந்த வானில் தங்கச்சி வீட்டுக்குப் போகத்தான் போகிறான். கூறை மாதிரி அது அலுமாரிக்குள் கிடந்து ஒருவர் மனதையும் நோகடிக்காது. அதை எடுக்கக்கூடாது என்று எந்த வழக்கமும் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்.

பின்னேரம் இருவரையும் ஒன்றாகப் போனில் எடுத்தேன். கலியாணம் அடுத்த ஞாயிறு. வெள்ளிக்கிழமையே மணவறையைப் பூட்டவேண்டும்.

"வேற வான் வாடகைக்கு எடடா" என்றேன் தம்பியிடம்.

"இங்க எடுத்தால் அதிலையும் பச்சைதானே அக்கா ஒட்டியிருக்கும்."

"அப்ப பிரான்சிலை எடுக்கிறது."

"சம்மர் அக்கா, கலியாணக் காலம். மூண்டு இடம் கேட்டிட்டன், ஒண்டும் இல்லை" என்றாள் தங்கச்சி. "தண்டம் வந்தால் வரட்டும், நேரை வரச் சொல்லுங்கோ."

"அவன் வேலைக்கு ஓடுற லைசென்சோடை விளையாடேலாது" என்றேன். தண்டத்தால் லைசென்சுக்கு என்ன ஆகும் என்று எனக்கு உண்மையில் தெரியாது. ஆனால் என் பிழைக்கு அவன் தண்டம் கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

தம்பி மெல்லச் சொன்னான்: "நகரத்துக்கு வெளியிலை, ஸ்டிக்கர் வேணுமெண்டு எழுதின பலகைக்கு இஞ்சாலை ஒரு பெரிய கடையின்ர கார் பார்க் இருக்கு. அதுவரைக்கும் நான் வருவன். அங்கையிருந்து ஏத்த ஸ்டிக்கர் உள்ள ஒரு வான் வேணும்."

அந்த நகரத்தில் எங்களுக்குத் தெரிந்து ஸ்டிக்கர் உள்ள வான் ஒன்றே ஒன்றுதான். மாப்பிள்ளை வீட்டாருக்கு மரக்கறிக் கடை. அவர்களின் வான்.

"அவையளிட்டைக் கேக்கமாட்டன்" என்றாள் தங்கச்சி. "என்னைக் கொண்டாலும் கேக்கமாட்டன் அக்கா."

அதற்குக் காரணம் இருந்தது. மாப்பிள்ளையின் தாய் முதலிலேயே சொன்னவ, அங்கே நல்ல பூ மணவறை வாடகைக்கு இருக்கிறது, அதைப் போடுவோம் என்று. எங்கள் தம்பி செய்கிறதுதான் வரும் என்று அப்போது இறுக்கி நின்றது நான். பெண்ணின் பெரியம்மா சொன்னால் சரி என்று அவவும் விட்டுவிட்டா. இப்போது அதே மணவறையை ஏற்ற அவவின் வானையே கேட்பது என்றால் ஆரும் முகம் கோணத்தான் செய்வார்கள்.

தம்பி சொன்னான்: "பரவாயில்லை அக்கா. அவையள் சொன்ன பூ மணவறையையே போடச் சொல்லுங்கோ. நான் ரெயினிலை வாறன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன். அவன் கோபப்படவில்லை. இரண்டு குளிர்காலம் கராஜுக்குள் நின்றவன், ரெயினில் வருகிறேன் என்கிறான்.

"நீ ஏத்து" என்றேன். "வானை நான் கேக்கிறன்."

அடுத்த நாள் பின்னேரம், மகள் இலக்கத்தை அழுத்தித் தர, மாப்பிள்ளையின் தாயோடு கதைத்தேன். மழை பெய்துகொண்டிருந்தது. மகள் பக்கத்தில் இருந்து கேட்கப் பார்த்தாள். அடுப்பில் என்னவோ எரிகிறது என்று சொல்லி அவளைக் குசினிக்கு அனுப்பினேன்.

"தங்கச்சி, நான் நியூசிலாந்துப் பெரியம்மா கதைக்கிறன்."

"ஓம் அக்கா, சொல்லுங்கோ. அங்க சரியான குளிரோ?"

குளிரைப் பற்றிக் கொஞ்சம் கதைத்தோம். காலைப் பற்றியும் கேட்டா. பிறகு விசயத்தைச் சொன்னேன்.

"அந்தப் பலகை மணவறைக்கோ?"

"ஓம், அதுக்குத்தான்."

"நான் அண்டைக்கே சொன்னனான் அக்கா. பூ மணவறைக்காரர் ரெண்டு மணித்தியாலத்திலை வந்து பூட்டிக் குடுத்திட்டுப் போவாங்கள். நீங்கள் கேக்கேல்லை."

"ஓம், நான் கேக்கேல்லைத்தான்."

"எங்கடை மரக்கறி வான். மணவறையிலை வெங்காய மணம் வந்தால் எங்களைக் குறை சொல்லக்கூடாது."

"ஒருத்தரும் சொல்லமாட்டினம்."

"சரி, வெள்ளிக்கிழமை மத்தியானம் என்ர தம்பியை அனுப்புறன்." நான் போனை வைக்கப் போகும்போது கேட்டா: "ஆனால் ஒண்டு அக்கா. உங்கட தம்பி எத்தினை வருசமா ஜெர்மனியிலை இருக்கிறார். இந்த ஸ்டிக்கர் எடுக்கவேணுமெண்டு அவருக்குத் தெரியாதோ?"

அப்போது சொல்லியிருக்கலாம். மூச்சு விடுகிற நேரம்கூட ஆகியிராது. ஆனால் ஏற்கெனவே ஒன்றுக்கு இறங்கிவிட்டேன், இரண்டாவதற்கும் இறங்க மனம் வரவில்லை.

"அவன் மறந்துபோனான்" என்றேன்.

"ஆம்பிளையள் அப்பிடித்தான்" என்று சிரித்தா.

வான் கிடைத்தது என்று தம்பிக்குச் சொன்னேன். என்ன சொல்லி வாங்கினேன் என்று சொல்லவில்லை. அவன் குழந்தை மாதிரிச் சந்தோசப்பட்டான்.

வெள்ளிக்கிழமை அந்தக் கார் பார்க்கிலிருந்து போனில் காட்டினான். அவனுடைய வானும் மரக்கறி வானும் முதுகோடு முதுகு நின்றன. மரக்கறி வானின் கண்ணாடியில் வலது பக்கத்து மூலையில் அந்தச் சின்ன வட்டம். "இதுதான் அக்கா, இதுக்குத்தான் இவ்வளவு பாடு" என்று தொட்டுக் காட்டினான். தூண்களைப் பழைய போர்வையில் சுற்றியிருந்தான். மாப்பிள்ளையின் மாமன்காரன் பெட்டிகளை ஓரமாக்கி இடம் பண்ணினார். ஒரு தடவையில் கொள்ளவில்லை, மூன்று தடவை ஓடினார்கள். கடைசித் தடவை தாமரைக் கூரை. கதவு பூட்டுப்படவில்லை, கயிறு போட்டுக் கட்டினார்கள். தம்பி உள்ளே அதைப் பிடித்துக்கொண்டு கறிவேப்பிலைப் பெட்டிமேல் இருந்து போனான். அவனுடைய வான் கலியாணம் முடியும்வரை அந்தக் கார் பார்க்கிலேயே நின்றது.

ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு இரவுச் சாப்பாட்டு நேரம், அங்கே காலை. நான் பின்னேரமே பட்டுச்சேலை கட்டி, பூ வைத்து, டீவிக்கு முன்னால் இருந்தேன்.

"ஆர் அம்மா உங்களைப் பாக்கப்போகினம்?" என்றாள் மகள், போனை டீவியோடு தொடுத்தபடி.

"கலியாணத்துக்கு வந்தவை பாப்பினம்."

அங்கே யாரோ போனை ஒரு தாங்கியில் மணவறைக்கு எதிரே வைத்திருந்தார்கள். மணவறை முழுதாகத் தெரிந்தது. வெள்ளைத் தூண், இரண்டு பக்கமும் மயில், மேலே கூரை. மயிலின் கழுத்து சரியான அளவு. பெருமையில்லை என்று சொன்னால் பொய்.

மாப்பிள்ளை வந்து இருந்தார். பெண்ணை இன்னும் கூட்டிவரவில்லை. தம்பி வேட்டி சால்வையோடு தூணுக்குக் கிட்ட நின்று மாலையைச் சரிசெய்துகொண்டிருந்தான். மாப்பிள்ளை வீட்டார் நாலைந்து பேர் போனுக்கு அருகில் நின்று கதைத்தது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"வேலைப்பாடு திறம்தான். கையை மெச்சத்தான் வேணும்" என்றார் வான் ஓட்டியவர். "ஆனால் மண்டையிலை ஒரு ஸ்டிக்கர் மட்டும் நிக்காதாம்."

சிரித்தார்கள். "ஜெர்மனிக்காரர் பச்சையைக் காட்டினால் பிரான்சே கும்பிட்டு விடும் எண்டு நினைச்சிட்டார் போல" என்றார் இன்னொருவர்.

"இல்லையில்லை, மறந்துபோனாராம்" என்றா மாப்பிள்ளையின் தாய். "பெரியம்மாவே சொன்னவ."

தம்பி திரும்பினான். அவர்களைப் பார்க்கவில்லை. போனைப் பார்த்தான். டீவியில் அவன் முகம் பெரிதாக இருந்தது. நான் அவனைப் பார்க்கிறேன் என்று அவனுக்குத் தெரியும். "ஓம், மறந்துதான் போனன்" என்று அவர்களோடு சேர்ந்து சிரித்துவிட்டு, மாலையின் நூலை மறுபடி இழுத்துக் கட்டினான்.

அவன் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் நானும் பேசாமல் இருந்திருப்பேனோ தெரியாது.

"அவன் மறக்கேல்லை!" என்றேன்.

டீவிச் சத்தம் பெரிதாக இருந்ததால் நானும் பெரிதாகத்தான் சொல்லியிருப்பேன். போனை அங்கே மண்டபத்து ஒலிபெருக்கியோடு தொடுத்து வைத்திருந்தது எனக்குத் தெரியாது. நாதஸ்வரம் வாசித்தவர்கூட நிறுத்திவிட்டார்.

"ரெண்டு மாதத்துக்கு முதலே ஸ்டிக்கர் எடுக்க வெளிக்கிட்டவன். பொன்னுருக்குக்கு முதல் ஒண்டும் எடுக்கக்கூடாதெண்டு மறிச்சது நான். அது கலியாணச் சாமான் இல்லை, வண்டிச் சாமான் எண்டு எனக்குப் பிறகுதான் விளங்கினது. மறந்துபோனான் எண்டு உங்களிட்டைப் பொய் சொன்னதும் நான்தான்."

மகள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அங்கே மாப்பிள்ளையின் தாய் போனுக்குக் கிட்ட வந்து குனிந்து பார்த்தா. நல்ல சிவப்புச் சேலை கட்டியிருந்தா.

"அதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே அக்கா. நான் வான் தராமலோ விட்டிருப்பன்?"

"தந்திருப்பீங்கள். எனக்குத்தான் வாய் வரேல்லை."

அவ ஏதோ சொல்லப்போனா. அதற்குள் ஐயர், "நேரம் போகுது, பெண்ணைக் கூட்டிவாங்கோ. தாய்மாமன் எங்கை?" என்று குரல் கொடுத்தார். வான் ஓட்டியவர் தம்பியின் தோளில் தட்டி வழி விட்டார். தம்பி சால்வையை இழுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, போன் பக்கம் திரும்பாமலே உள்ளே போனான். காது மட்டும் சிவந்திருந்தது. நாதஸ்வரம் திரும்பத் தொடங்கியது.

மகள் போனைக் கையில் எடுத்தாள். "அம்மா, இனி உங்கட சத்தத்தை நிப்பாட்டி விடட்டே?"

"நிப்பாட்டு" என்றேன். "சொல்லவேண்டியது சொல்லியாச்சு."